சிப் பேச மறுப்பது ஏன்? சிறு மைக்ரோகன்ட்ரோலர்களில் நிரல் ஏற்றும்போதும் அழிக்கும்போதும் வரும் சிக்கல்கள்

ஏடிடைனி85 என்ற எட்டுக்கால் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை, பிரெட்போர்டு என்ற துளைப் பலகையில் செருகுகிறோம். கணினியிலிருந்து சிப்புக்கு நிரலை எடுத்துச் செல்லும் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற புரோகிராமர் கருவியிலிருந்து வரும் ஆறு கம்பிகளையும் இணைத்துவிட்டுக் கணினியில் கட்டளை கொடுக்கிறோம். நிரல் ஏறவில்லை. எதிர்முனையிலிருந்து பதில் இல்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்து நிற்கிறது. மறுபடி கொடுத்தாலும் அதே வரிதான். கம்பியை அசைத்துப் பார்த்தாலும் மாற்றமில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு, சிப் போய்விட்டது என்பது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். அதுவும் வாய் திறப்பதில்லை.

இப்படித் தூக்கி எறியப்படும் சிப்களில் மிகப் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருப்பவை. புரோகிராமருக்கும் சிப்புக்கும் இடையே நடக்க வேண்டிய பேச்சு எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கும், அவ்வளவுதான். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கண்ட கட்டளைகளை அள்ளி வீசினால்தான் நல்ல சிப் உண்மையிலேயே கெடுகிறது. ஏடிடைனி85 அடங்கிய ஏவிஆர் குடும்பச் சிப்களை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்தும், பிக் என்ற இன்னொரு சிப் குடும்பத்தின் ஒரு முக்கியமான சிக்கலைச் சேர்த்தும் இதைப் பார்ப்போம்.

எழுதுவதும் அழிப்பதும்: உள்ளே நடப்பது என்ன?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டுக் கால்கள் எல்லாவற்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கிய குட்டிக் கணினி. ஏடிடைனி85இல் நிரலுக்கு 8 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது. வேலை நடக்கும்போது மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு 512 பைட் ராம். மின்சாரம் நின்றாலும் மறக்கக் கூடாத அமைப்புகளுக்கு 512 பைட் ஈஈப்ராம்.

ஃப்ளாஷின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர். அதன் நடுவில், நான்கு பக்கமும் காப்புப் படலம் சூழ்ந்த ஒரு சிறு தீவு இருக்கிறது. அதை மிதக்கும் கேட் என்கிறார்கள். அந்தத் தீவுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்தால் பிட் 0 என்று படிக்கப்படும். அவற்றை வெளியே இழுத்துவிட்டால் 1. காப்புப் படலம் இருப்பதால் மின்சாரம் போன பிறகும் அடைபட்ட எலக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

அந்த எலக்ட்ரான்களை வெளியேற்றுவது ஒரு காலத்தில் பெரிய வேலையாக இருந்தது. 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ராம் சிப்களின் தலையில் ஒரு குவார்ட்ஸ் சாளரம் இருக்கும். அதன் வழியாக 253.7 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியைப் பதினைந்து இருபது நிமிடங்கள் பாய்ச்சினால்தான் பழைய நிரல் அழியும். மின்சாரத்தாலேயே பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தைத் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்தார். 1993இல் வந்த பிக்16சி84, சாளரமும் விளக்கும் தேவைப்படாத சிறு மைக்ரோகன்ட்ரோலராக மேசைகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று சில மில்லி நொடிகளில் அழிப்பு முடிந்துவிடுவதால், அப்படி ஒரு தனி வேலை நடக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: எழுதும் கட்டளையால் 1ஐ 0 ஆக்க மட்டுமே முடியும். 0ஐ மீண்டும் 1 ஆக்கும் வல்லமை அழிக்கும் கட்டளைக்கு மட்டுமே உண்டு. முழுதும் அழிக்கப்பட்ட ஃப்ளாஷில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே இருக்கும்.

எனவே, அழிக்காமல் மேலே எழுதினால் பழையதும் புதியதும் கலந்துவிடும். பழைய பைட் 10101010, புதியது 11001100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டுமே 1 மிஞ்சும். கிடைப்பது 10001000. இது பழைய நிரலும் இல்லை, புதிய நிரலும் இல்லை. எழுதி முடித்ததும் புரோகிராமர் திரும்பப் படித்து ஒப்பிடும்போது, சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்று சொல்லும்.

கணினியிலிருந்து புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருள் ஃப்ளாஷில் எழுதுமுன் தானாகவே அழித்துவிடும். அதைத் தடுக்க, பெரிய எழுத்தில் 'டி' என்று ஒரு தேர்வு உண்டு. ஏவிஆர் சிப் பொருத்திய ஆர்டுயினோ பலகைகளுக்கான மென்பொருள், யூஎஸ்பி வழியாகப் பலகைக்கு நிரல் ஏற்றும்போது அந்தத் தேர்வைச் சேர்த்தே அனுப்புகிறது. அங்கே பூட்லோடர் என்ற சிறு நிரல், தேவையான பக்கங்களைத் தானே அழித்துக்கொள்கிறது. அதனால் அது பொருத்தமானதுதான். அதே கட்டளை வரியை நகலெடுத்து யூஎஸ்பிஏஎஸ்பியோடு பயன்படுத்தினால், அழிக்க ஆளில்லாமல் மேலே எழுதும் நிலை வரும். முதல் முறை, புத்தம் புதிய சிப்பில், வேலை செய்யும். இரண்டாம் முறை சரிபார்ப்பில் தோற்கும். 'நேற்று ஏறியது, இன்று ஏறவில்லை' என்ற புலம்பலில் ஒரு பங்குக்கு இந்த ஓர் எழுத்துதான் காரணம்.

பேச்சு தொடங்கும் முறை

சிப்பைப் பலகையிலிருந்து கழற்றாமலேயே நிரல் ஏற்றும் முறைக்கு ஐஎஸ்பி என்று பெயர். மின்சாரமும் தரையும் போக நான்கு கம்பிகள் அதற்கு வேண்டும்: ரீசெட், தாளம் கொடுக்கும் எஸ்சிகே, புரோகிராமர் பேசும் மோசி, சிப் பேசும் மிசோ. நடப்பது இந்த வரிசையில்:

1. புரோகிராமர் ரீசெட் காலைத் தரைக்கு இழுத்துப் பிடிக்கிறது. சிப்பில் ஓடிக்கொண்டிருந்த நிரல் நிற்கிறது.
2. குறைந்தது 20 மில்லி நொடி காத்திருந்து, 'நிரலேற்ற நிலைக்கு வா' என்ற நான்கு பைட் கட்டளையை அனுப்புகிறது. அதன் இரண்டாம் பைட், பதினாறடி எண்முறையில் 53.
3. மூன்றாம் பைட் போய்க்கொண்டிருக்கும்போதே சிப் அந்த 53ஐ மிசோ வழியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் இருவரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். சொல்லாவிட்டால் அதற்குமேல் எதுவும் நடக்காது.
4. அடுத்து, சிப்பின் மூன்று பைட் அடையாள எண் படிக்கப்படுகிறது. ஏடிடைனி85க்கு அது 1ஈ, 93, 0பி. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பிக்கு 1ஈ, 95, 0எஃப்.
5. அடையாளம் பொருந்திய பிறகே அழிப்பும் எழுத்தும் சரிபார்ப்பும்.

'பதில் இல்லை' என்ற செய்தி மூன்றாம் படியில் நின்றுபோனதைச் சொல்கிறது. அந்த நேரத்தில் நம் நிரலைப் பற்றி எதுவும் பேசப்படவே இல்லை. ஆகவே நிரலைத் திருத்தித் திருத்தி மறுபடி முயல்வதில் பயனில்லை.

செய்தியைப் படித்தால் இடம் தெரியும்

1. புரோகிராமரையே காணவில்லை என்று வந்தால் சிக்கல் கணினிக்கும் புரோகிராமருக்கும் இடையில். விண்டோஸில் பெரும்பாலும் டிரைவர், லினக்ஸில் பெரும்பாலும் யூஎஸ்பி சாதனத்தை அணுகும் அனுமதி. சிப்பைத் தொட வேண்டாம்.

2. எஸ்சிகே வேகத்தை மாற்ற முடியவில்லை, ஃபர்ம்வேரை (புரோகிராமருக்குள்ளேயே ஓடும் நிரலை) புதுப்பியுங்கள் என்ற எச்சரிக்கை, யூஎஸ்பிஏஎஸ்பி நகல் சாதனங்களில் அடிக்கடி வரும். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்து வைத்த சாதனம் அது. சந்தையில் கிடைக்கும் பல நகல்களில் பழைய ஃபர்ம்வேர் இருக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தும் நிரல் ஏறிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏறாவிட்டால் பின்னால் வரும் வேகப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

3. பதிலே இல்லை, அல்லது அடையாளம் முழுதும் சுழியம், அல்லது முழுதும் எஃப். மிசோ கம்பி ஒரே நிலையில் உறைந்து கிடக்கிறது. மின்சாரம், கம்பி, வேகம், கிளாக் (சிப் ஓடும் தாளம்), ரீசெட் என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

4. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அடையாளம். இது நல்ல அறிகுறி. சிப் உயிரோடு இருக்கிறது, பேசுகிறது, பேச்சு சிதைகிறது. தளர்ந்த கம்பி, நீளமான கம்பி, மிகுந்த வேகம் ஆகிய மூன்றில் ஒன்று.

5. எப்போதும் ஒரே அடையாளம், ஆனால் எதிர்பார்த்தது இல்லை. கையில் இருப்பது வேறு சிப். ஏடிமெகா328க்கும் ஏடிமெகா328பிக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அடையாளமோ முன்னதற்கு 1ஈ, 95, 14. சிப்பின் தலையில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து, மென்பொருளில் சரியான பெயரைக் கொடுத்தால் போதும்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் பலர் கையிலெடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. அடையாளம் பொருந்தாவிட்டாலும் மேலே செல் என்று ஏவிஆர்டியூடை வற்புறுத்தும் தேர்வு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அடையாளம் தவறாக வருகிறது என்றால் போகும் பைட்டுகளும் வரும் பைட்டுகளும் சிதைகின்றன. அந்த நிலையில் ஃபியூஸ், அதாவது சிப்பின் அடிப்படை அமைப்புகளைத் தீர்மானிக்கும் பிட்டுகளை, எழுதும் கட்டளை போனால், எந்த மதிப்பு உள்ளே போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரி செய்யக்கூடிய கம்பிக் கோளாறு, சரி செய்யக் கடினமான பூட்டாக மாறுவது பெரும்பாலும் இந்தப் புள்ளியில்தான்.

முதலில் மின்சாரம், பிறகு கம்பி

மல்டிமீட்டரின் முனைகளைச் சிப்பின் கால்களிலேயே வைத்து அளக்க வேண்டும். பிரெட்போர்டின் ஓரப் பட்டையில் 5 வோல்ட் காட்டுவது சிப்புக்கு 5 வோல்ட் போகிறது என்பதற்குச் சான்று ஆகாது. பெரிய பிரெட்போர்டுகள் பலவற்றில் அந்த ஓரப் பட்டை நடுவில் அறுந்திருக்கும். மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் தொடர்பு இருக்காது. ஏடிடைனி85இல் எட்டாம் கால் மின்சாரம், நான்காம் கால் தரை. தலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் காட்டும். ஏடிமெகா328பியில் 7, 20 ஆகிய இரு கால்களுக்கும் மின்சாரம், 8, 22 ஆகிய இரண்டுக்கும் தரை கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் ஏமாற்று நிலையைச் சொல்லியாக வேண்டும். மின்சாரக் கம்பி கழன்றிருந்தும் சிப் அவ்வப்போது பதில் சொல்லும்! மோசி, எஸ்சிகே போன்ற கால்களில் மின்சாரக் காலை நோக்கி ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கிறது. அவற்றில் 5 வோல்ட் வரும்போது அந்த டயோடு வழியாக மின்சாரம் உள்ளே கசிந்து சிப்பை அரை உயிரோடு எழுப்பிவிடும். அடையாளம் சில நேரம் சரியாக வரும், அழிக்கவோ எழுதவோ தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து எல்லாம் நின்றுவிடும். 'அடையாளம் வருகிறது, எழுத மட்டும் முடியவில்லை' என்றால் எட்டாம் காலில் மீட்டரை வையுங்கள். 4 வோல்ட்டுக்குச் சற்று மேலோ கீழோ தடுமாறும் எண் தெரிந்தால் கம்பி எங்கோ விட்டிருக்கிறது.

மின்சாரக் காலுக்கும் தரைக்கும் நடுவே, சிப்பை ஒட்டி, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கட்டும். சிப் சட்டென்று மின்சாரத்தை உறிஞ்சும்போது அழுத்தம் சரியாமல் அது தாங்கிப் பிடிக்கும். சில ரூபாய் விலையுள்ள இந்தப் பொருள் இல்லாமல் மணிக்கணக்கில் தவிப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கம்பியில் நடக்கும் தவறுகளில் முதலிடம், மோசியையும் மிசோவையும் குறுக்கே மாற்றிக் கொடுப்பது. தொடர் இணைப்பில் ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும் என்று பழகியவர்கள் இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். ஐஎஸ்பியில் மோசி மோசிக்கும் மிசோ மிசோவுக்கும் நேராகப் போக வேண்டும். ஏடிடைனி85இல் 5 மோசி, 6 மிசோ, 7 எஸ்சிகே, 1 ரீசெட். பத்து முனை இணைப்பானைத் திருப்பிப் பார்க்கும்போது இடம் வலம் மாறிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

அந்தக் கால்களில் வேறு எது தொங்குகிறது என்பதையும் பாருங்கள். மோசியில் எல்இடி, மிசோவில் சென்சார், எஸ்சிகேயில் ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் என்று பலகையில் இருந்தால், அவை சமிக்ஞையைக் கீழே இழுத்துவிடும். கழற்றிவிட்டு முயன்று பார்ப்பதே விரைவான சோதனை. புதிதாகப் பலகை வடிவமைப்பவர்கள் ஐஎஸ்பி இணைப்பு நேராகச் சிப்புக்குப் போகும்படியும், மற்ற பாகங்கள் ஒரு ரெசிஸ்டரைத் தாண்டியே வரும்படியும் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எழாது.

யூனோ பலகையையே புரோகிராமராகப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிச் சிக்கல். கணினி தொடர் இணைப்பைத் திறந்த நொடியில் யூனோ தானே ரீசெட் ஆகி, வரும் கட்டளையைத் தன் பூட்லோடருக்கு என்று எடுத்துக்கொள்ளும். யூனோவின் ரீசெட்டுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகினால் அது தடைபடும். யூனோவுக்குள் புரோகிராமர் நிரலை ஏற்றி முடித்த பிறகே அதைச் செருக வேண்டும்.

வேகம்: புத்தம் புதிய சிப்பிலேயே வரும் சிக்கல்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், கடையிலிருந்து இன்று வாங்கி வந்த சிப் பேசவில்லையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏடிடைனி85இன் உள்ளே, சிப் ஓடும் தாளத்தை உருவாக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் இயக்கத்தில் இருக்கும். சிப் உண்மையில் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். அதாவது ஒரு துடிப்புக்கு 1 மைக்ரோ நொடி. எஸ்சிகே கம்பி மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் தனித்தனியே இரண்டு துடிப்புகளுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இந்தச் சிப்பின் விதி. அப்படியென்றால் ஒவ்வொரு பக்கமும் 2 மைக்ரோ நொடிக்கு மேல்; எஸ்சிகே 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும்.

யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக அனுப்பும் வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். ஒரு பக்கத்துக்கு 1.33 மைக்ரோ நொடிதான். சிப் கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் தாளம் ஓடிவிடுகிறது. 53 திரும்பி வராது.

ஏவிஆர்டியூடில் 'பி' என்ற தேர்வைப் பெரிய எழுத்தில் கொடுத்து, பக்கத்தில் 10 என்று எழுதினால் எஸ்சிகேயின் ஒரு துடிப்புக்குச் சுமார் 10 மைக்ரோ நொடி என்று வேகம் குறையும். பழைய ஃபர்ம்வேர் உள்ள நகல்கள் இந்தக் கட்டளையைக் கேட்காது. அவற்றின் பலகையில் மெதுவான எஸ்சிகேவுக்கு என்று இரண்டு துளைகள், பல நேரம் முள் பொருத்தப்படாமலேயே, இருக்கும். அவற்றை ஒரு கம்பியால் இணைத்துவிட்டு முயலுங்கள். எட்டால் வகுக்கும் ஃபியூஸை அணைத்துச் சிப்பை 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிய பிறகு, பழைய வேகமே போதுமானதாகிவிடும்.

செத்துவிட்டதாக நினைத்த புதிய சிப்களில் இந்த ஒரு காரணத்தால் ஒதுக்கப்பட்டவை எத்தனையோ. வேகத்தைக் குறைத்துப் பார்க்காமல் எந்த ஏவிஆர் சிப்பையும் தூக்கி எறிய வேண்டாம்.

ஃபியூஸ்: பெயர் ஒன்று, வேலை வேறு

வீட்டு மின்பலகையில் உள்ள ஃபியூஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிப் எழும்போதே எந்தக் கிளாக்கில் ஓட வேண்டும், ரீசெட் கால் ரீசெட்டாக இருக்க வேண்டுமா என்பன போன்றவற்றைத் தீர்மானிக்கும் நிலையான பிட்டுகள் இவை. மீண்டும் எழுதக்கூடியவை. சிப்பை அழிக்கும் கட்டளை இவற்றைத் தொடுவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபியூஸில் 0 என்றால் இயக்கத்தில் உள்ளது, 1 என்றால் அணைந்தது. நம் பழக்கத்துக்கு நேர் எதிர். 'ரீசெட்டை முடக்கு' என்ற பிட்டில் 0 எழுதினால் முடங்கிவிடும். கையால் கணக்கிட்டு எழுதுவதைவிட, சிப்பின் பெயரைக் கொடுத்தால் மதிப்பைச் சொல்லும் ஃபியூஸ் கணிப்பானைப் பயன்படுத்துவது நல்லது. மாற்றுமுன் பழைய மதிப்புகளைப் படித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிடைனி85க்குத் தொழிற்சாலை மதிப்பு, பதினாறடி எண்முறையில்: கீழ் ஃபியூஸ் 62, மேல் ஃபியூஸ் டிஎஃப்.

ஃபியூஸ் எழுதியதற்குப் பிறகு சிப் பேச்சை நிறுத்தினால், பின்வரும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

1. வெளிக் கிரிஸ்டல் அல்லது வெளிக் கிளாக் தேர்வாகியிருக்கிறது, ஆனால் அப்படி எதுவும் பலகையில் இல்லை. தாளம் இல்லாமல் சிப்பால் ஒரு பிட்டைக்கூட வாங்க முடியாது. ஏடிமெகா328பி என்றால் 9, 10ஆம் கால்களில் ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் இரண்டு 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் வைத்தால் விழித்துக்கொள்ளும். வெளிக் கிளாக் தேர்வாகியிருந்தால் கிரிஸ்டல் உதவாது. இன்னொரு ஆர்டுயினோவிலிருந்து ஒரு சதுர அலையை எடுத்து 9ஆம் காலில் கொடுக்க வேண்டும். ஏடிடைனி85இல் அது 2ஆம் கால்.

2. உள்ளிருக்கும் 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் தேர்வாகியிருக்கிறது. எட்டால் வகுத்தலும் இருந்தால் சிப் 16 கிலோஹெர்ட்ஸில் ஓடும், எஸ்சிகே 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போக வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியின் புதிய ஃபர்ம்வேர் 500 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பொறுமையாகக் காத்திருந்து ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டால் மீண்டுவிடும்.

3. ரீசெட் கால் முடக்கப்பட்டிருக்கிறது. ஏடிடைனி85இல் கூடுதலாக ஒரு கால் கிடைக்கும் என்று ஆசைப்பட்டுச் செய்வது இது. ஐஎஸ்பி பேச்சின் முதல் படியே ரீசெட்டைத் தரைக்கு இழுப்பது என்பதால், அந்தக் கதவு முழுதாக அடைபடுகிறது. திறக்க ஒரே வழி, அந்தக் காலில் 12 வோல்ட் கொடுத்து நடத்தும் உயர் மின்னழுத்த நிரலேற்றம். எட்டுக்கால் சிப்களுக்கு இதற்குச் சில கம்பிகள் போதும். ஓர் ஆர்டுயினோவும் 12 வோல்ட் மூலமும் ஒரு டிரான்சிஸ்டரும் சில ரெசிஸ்டர்களும் இருந்தால் மீட்புச் சுற்றை அமைத்துவிடலாம். ஏடிமெகா328பிக்குப் பல பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் இணைமுறை என்பதால் கம்பிகள் பெருகும். இந்த 12 வோல்ட் வேறு எந்தக் காலைத் தொட்டாலும், பலகையில் உள்ள மற்றப் பாகங்களுக்குப் போனாலும் சேதம்தான். சிப்பைத் தனியே கழற்றி எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

அழித்தால் எது போகும், எது நிற்கும்?

முழு அழிப்புக் கட்டளை ஃப்ளாஷைத் துடைக்கிறது. ஈஈப்ராமையும் துடைக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டுமானால் முன்னதாகவே அதற்குரிய ஃபியூஸை இயக்கியிருக்க வேண்டும். இறுதியாக, பூட்டுப் பிட்டுகளை விடுவிக்கிறது.

பூட்டுப் பிட் என்பது நிரலைப் பிறர் படித்து நகலெடுக்காமல் தடுப்பது. பூட்டிய சிப்பில் எழுத முயன்றால் தோல்வி, படித்தால் உண்மையான உள்ளடக்கம் வராது. ஆனால் முழு அழிப்பு எப்போதும் அனுமதிக்கப்படும். முதலில் ஃப்ளாஷ் அழியும், அதன் பிறகே பூட்டு திறக்கும். இந்த வரிசைதான் பாதுகாப்பின் அடிப்படை. பழைய கருவி ஒன்றிலிருந்து எடுத்த சிப் எழுத மறுத்தால் ஒரு முறை அழித்தால் போதும். உள்ளே இருந்த நிரல் திரும்பி வராது என்பதை ஏற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

யூனோ பலகையில் ஐஎஸ்பி வழியாக நேரடியாக நிரல் ஏற்றினால் இதே அழிப்பில் பூட்லோடரும் போய்விடும். ஏற்றிய நிரல் நன்றாக ஓடும். மறுநாள் யூஎஸ்பி கம்பி வழியாக ஏற்ற முயலும்போது, ஒத்திசைவு கிடைக்கவில்லை என்று வரும். பலகை கெடவில்லை. பூட்லோடரை மீண்டும் எழுதினால் பழையபடி ஆகிவிடும்.

ஏவிஆரில் அழிப்பால் வரும் இழப்புகளை இப்படி ஈடுகட்டலாம். பிக்12எஃப்675, பிக்12எஃப்629 ஆகியவற்றில் அது கடினம். இவற்றின் உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பிலும் அது சற்று முன்பின்னாக இருக்கும் என்பதால், தொழிற்சாலையில் அளந்து, அந்தச் சிப்புக்கே உரிய திருத்த எண்ணை 1024 சொற்கள் (ஒரு சொல்லில் ஓர் ஆணை) கொண்ட நிரல் நினைவகத்தின் கடைசிச் சொல்லில் எழுதி அனுப்புகிறார்கள். நம் நிரல் தொடங்கியதும் அந்த இடத்தை அழைத்து, எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முழு அழிப்பு அந்தக் கடைசிச் சொல்லையும் துடைத்துவிடும்.

பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். நிரல் அந்தக் கடைசி இடத்துக்குப் போகிறது. 'எண்ணோடு திரும்பு' என்ற ஆணை அங்கே இல்லை. அழிந்த சொல் வேறொரு பொருளற்ற கூட்டலாகச் செயல்படுகிறது. அதற்கு அடுத்த முகவரி இல்லாததால் செயலி சுற்றி வந்து சுழிய முகவரியில் விழுகிறது. அங்கே நிரலின் தொடக்கம். மீண்டும் கடைசி இடம், மீண்டும் தொடக்கம். எல்இடி எரியாது. சரிபார்ப்போ வெற்றி என்று சொல்லியிருக்கும்! நிரலிலும் பிழை இருக்காது.

எனவே இந்தச் சிப்களை முதன்முதலில் செருகியதும், வேறு எதையும் செய்யுமுன் படித்து, கடைசிச் சொல்லைக் குறித்துவையுங்கள். நல்ல புரோகிராமர்கள் அழிக்குமுன் தாமே படித்து வைத்துக்கொண்டு திரும்ப எழுதும். ஆனால் கம்பி தளர்ந்திருக்கும் நேரத்தில் படித்தால் தவறான மதிப்பைத்தான் காப்பாற்றும். ஏற்கெனவே தொலைந்திருந்தால், பிக் சிப்களுக்கான பிக்கிட்2 புரோகிராமரின் மென்பொருளில் ஆசிலேட்டரை அளந்து எண்ணை மீண்டும் உருவாக்கும் வசதி இருக்கிறது.

பிக் சிப்களில் இன்னும் இரண்டு:

1. மின்னழுத்தம். பிக்16எஃப்628ஏ போன்றவற்றில் முழு அழிப்புக்கு 4.5 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். 3.3 வோல்ட் பலகையில் வைத்தே அழிக்க முயன்றால் அடையாளம் சரியாக வரும், அழிப்பு மட்டும் நடக்காது. அல்லது அரைகுறையாக நடக்கும்.

2. வரிசை. உள் ஆசிலேட்டரையும், ரீசெட் காலைச் சாதாரண உள்ளீடாகவும் அமைத்துவிட்டால், மின்சாரம் வந்த உடனே பழைய நிரல் ஓடத் தொடங்கி, நிரலேற்றத்துக்கு வேண்டிய கால்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். புரோகிராமர் வந்து கேட்கும்போது இடமில்லை. ரீசெட் காலுக்கான உயர் மின்னழுத்தத்தை முதலிலும், சிப்புக்கான மின்சாரத்தை அடுத்தும் கொடுக்கும்படி புரோகிராமர் மென்பொருளில் தேர்வு இருக்கும். அதை இயக்க வேண்டும். எஸ்டிஎம்32 என்ற வேறொரு குடும்பச் சிப்களில் ரீசெட்டை அழுத்தியபடியே இணையும் தேர்வு இதே காரணத்துக்காக வந்ததுதான்.

உண்மையிலேயே கெட்ட சிப்

தேய்ந்துபோவது அவ்வளவு எளிதில்லை. ஏவிஆர் ஃப்ளாஷ் 10,000 முறை அழித்து எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, இரவு பகலாக ஏற்றினாலும் அந்த எண்ணைத் தொட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஈஈப்ராமுக்கு 100,000 முறை. இது பெரிதாகத் தெரிந்தாலும், நொடிக்கு ஒரு முறை ஒரே இடத்தில் எழுதும் நிரல் 28 மணி நேரத்தில் அதைக் கடந்துவிடும். அமைப்புகள் மறந்துபோகும் கருவி என்று புகார் வந்தால், நிரலின் சுழற்சிக்குள் ஈஈப்ராம் எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்ததும், 12 வோல்ட் தவறான காலில் பட்டதும் சிப்பைக் கொல்லும் வழக்கமான வழிகள். தலையில் விரலை வைத்தால் சுடுகிறதா, வேலையின்றி நிற்கும்போதே பல பத்து மில்லியாம்பியர் இழுக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் அதே வகையில் ஒரு புதிய சிப்பை எடுத்து, கம்பி எதையும் அசைக்காமல், அதே இடத்தில் செருகுங்கள். வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அடையாளத்தை மட்டும் படியுங்கள். புதியது பதில் சொல்லி, பழையது சொல்லாவிட்டால் பழையதன் ஃபியூஸ் மீது சந்தேகம் திரும்புகிறது. 12 வோல்ட் மீட்புச் சுற்றுக்கும் அது மசியாவிட்டால் மட்டுமே அதை ஒதுக்கலாம். புதியதும் பேசாவிட்டால் இரண்டு சிப்களையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மல்டிமீட்டரோடு எட்டாம் காலிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.